சாயம் போகவில்லை, இழை சாய்ந்திருக்கிறது

புதிய வெல்வெட் சோபாவில் உட்காரும் இடம் மட்டும் சில வாரங்களில் வெளிறித் தெரிந்தால், சாயம் போய்விட்டது என்று கடைக்காரரிடம் முறையிடுகிறவர்கள் பலர். பெரும்பாலும் அங்கே சாயத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. வெல்வெட்டின் அடித்துணி மேல் நுண்ணிய இழைகள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கின்றன. நம் எடையும் உடற்சூடும் அவற்றைச் சாய்த்துவிடும்போது, ஒளி வேறு கோணத்தில் பட்டுத் திரும்புவதால் அதே நிறம் கண்ணுக்கு வேறாகத் தெரிகிறது. உள்ளங்கையை எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வெளிறிய இடம் அடர்ந்துவிட்டால் அது துணியின் இயல்பு. எப்படித் தடவியும் மாறாவிட்டால்தான் சாயத்தைச் சந்தேகிக்க வேண்டும். மென்மையான பிரஷால் இழை படியும் திசையில் அவ்வப்போது நீவிவிட்டால் போதும்.

லினன் கசங்கி மடிப்பு விழுவதும் இப்படித் துணியின் இயல்புதான். அந்த நாருக்கு நெகிழ்வு குறைவு. பாலியெஸ்டர் கலந்த துணியில் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரள்வதையும் மட்டமான துணி என்று முடிவுகட்டிவிட வேண்டாம். உராய்வில் வெளிவரும் குட்டை இழைகள் எந்தத் துணியிலும் உருளும். பருத்தியில் அவை எளிதில் அறுந்து உதிர்ந்துவிடும், பாலியெஸ்டரின் வலுவான இழையோ அவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். கையால் பிய்த்தால் இன்னும் இழை வெளியே வரும் என்பதால், லின்ட் ரிமூவரால் மேலாக மழித்துவிடுவதே நல்லது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நனைந்தால் பருத்தி நாரின் வலிமை கூடுகிறது, மரக்கூழிலிருந்து செய்யப்படும் விஸ்கோஸ் நாரின் வலிமை வெகுவாகக் குறைகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு உறைகளில் ஒன்றைத் துவைக்கலாம், மற்றதை ஈரத்துணியால் அழுத்தித் தேய்ப்பதும் ஆபத்து. சில சோபாக்களின் குஷனுக்கு அடியில் உள்ள லேபிளில் ‘டபிள்யூ’ என்றிருந்தால் நீர் கலந்த சோப்புக் கரைசல் ஆகும். ‘எஸ்’ என்றால் நீரில்லாத கரைப்பான் மட்டுமே. ‘எக்ஸ்’ என்றால் வாக்குவம் தவிர எதுவும் கூடாது. எதைப் பூசினாலும் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் துணியை அதிகம் கெடுப்பவை மேற்கு ஜன்னல் வெயிலும் தலை சாயும் இடத்தில் ஏறும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். முன்னதற்குத் திரைச்சீலை போட வேண்டும்; பின்னதற்கு, கழற்றித் துவைக்கக்கூடிய ஒரு பருத்தித் துண்டை விரித்துவிடுவதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.