நந்தம்பாக்கம் ஸ்டால்: கண்காட்சிக்கு முன்னும் பின்னும்

ஜூன் 9, திங்கள்

ஜூலை 10 முதல் 13 வரை நந்தம்பாக்கம் டிரேட் சென்டரில் இயந்திரக் கண்காட்சி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி கடைசல் மெஷினில் பாகத்தைப் பிடிக்கும் சக்குக்கு ஜா (பிடிப்புத் தாடை) செய்யும் கம்பெனியின் ஸ்டால், மூன்றுக்கு மூன்று மீட்டர். சமூக ஊடக வேலை இன்று தொடக்கம்.

"எங்கள் ஸ்டாலுக்கு வாருங்கள்" என்று எல்லாக் கம்பெனியும் போஸ்டர் போடும். அதைப் பார்த்து ஓசூரிலிருந்து யாரும் பஸ் ஏறுவதில்லை. ஷிஃப்டை விட்டுவிட்டு ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் வருகிறார் என்றால், அவர் லைனில் ஏதோ ரிஜெக்‌ஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசும் பதிவில்தான் அவர் விரல் நிற்கும். லைக் எண்ணிக்கை கணக்கே இல்லை. கதவு திறக்குமுன் எத்தனை சந்திப்புகள் நேரம் குறித்து உறுதியாகின என்பதே கணக்கு. காலை 10 முதல் மாலை 6 வரை அரை மணிக்கு ஒருவர் என்றால் நாளுக்கு 16 பேர். அதில் 8 நேரத்தை மட்டும் முன்பதிவுக்குத் திறக்கலாம். மீதி, நடந்து வந்து நின்று பார்ப்பவர்களுக்கு.

ஜூன் 13, வெள்ளி

பதிவுக்கு விஷயம் தேட சர்வீஸ் ஆட்களின் போன் பதிவேட்டைப் புரட்டினால் போதும். திரும்பத் திரும்ப வருவது மெல்லிய புஷ், அதாவது சன்னமான சுவருள்ள உலோகக் குழல். மூன்று ஜா மூன்று இடத்தில் மட்டும் அழுத்துவதால் புஷ் நசுங்கிய நிலையில் இருக்கிறது. அந்த நிலையிலேயே போரை (உள்துளையை) வட்டமாகக் கடைகிறோம். சக்கைத் தளர்த்தியதும் உலோகம் பழைய இடத்துக்குத் திரும்புகிறது, போர் மூன்று பக்கமும் கோணிக்கொள்கிறது. சுற்றளவு முழுவதையும் தழுவும் ஜா போட்டால் அழுத்தம் பரவிவிடும். இதுதான் முதல் வீடியோ.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கோணலை இரண்டு முனை போர் கேஜ் (துளையின் அளவு பார்க்கும் கருவி) காட்டாது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். மூன்று முனை கேஜ் வேண்டும். வீடியோவில் தவறான கேஜைக் காட்டினால் கருவியறை ஆட்கள் முதல் கமெண்டிலேயே பிடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஜாவைப் பற்றி என்ன சொன்னாலும் ஏறாது.

ஜூன் 17, செவ்வாய்

படப்பிடிப்பு. மொபைலை நிமிர்த்திப் பிடித்து 1080 × 1920. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பல பட்டறை விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. மொபைல் 30 ஃப்ரேமில் தானாக எடுத்தால் படத்தில் கருப்புப் பட்டை ஓடும். ஃப்ரேம் 25, ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று கையால் அமைத்தால் நின்றுவிடும்.

முதல் மூன்று நொடியிலேயே கேஜின் முள் தெரிய வேண்டும். லோகோ கடைசியில் வந்தால் போதும். ரீல்ஸில் கணக்குப் பெயரும் பொத்தான்களும் கீழ்ப்பகுதியை மூடும் என்பதால் கீழே மூன்றில் ஒரு பங்கில் எழுத்து வேண்டாம். பின்னணிக்கு சினிமாப் பாட்டும் வேண்டாம். பிசினஸ் கணக்குக்குப் பாட்டு உரிமை குறைவு, ஒலியை நீக்கிவிடுவார்கள். இந்த வீடியோவுக்கு மெஷின் சத்தமே பொருத்தம்.

வாடிக்கையாளரின் பாகத்தையோ டிராயிங் எண்ணையோ காட்டக் கூடாது. கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கை ஏமாற்றி ஓடும் மெஷினைப் படமெடுப்பதும் கூடாது. பெரிய கம்பெனிகளில் பாதுகாப்பு அதிகாரியும் இதைப் பார்ப்பார்.

ஜூன் 20, வெள்ளி

அதே விஷயம் லிங்க்ட்இன்னில் ஆறு பக்க பிடிஎஃப். பக்கத்துக்கு ஒரு படம், இரண்டு வரி. முதல் இரண்டு மூன்று வரிக்குப் பிறகு பதிவு மடங்கிவிடும், ஆகவே சிக்கலின் பெயர் முதல் வரியிலேயே இருக்கட்டும். "மகிழ்ச்சியுடன் அறிவிக்கிறோம்" அந்த இடத்தைத் தின்றுவிடும். அப்ளிகேஷன் இன்ஜினியர் தன் சொந்தக் கணக்கில் போடட்டும். கம்பெனிப் பக்கம் அதைப் பகிரட்டும். கேள்வி கேட்பவர்கள் ஆளிடம்தான் கேட்கிறார்கள்.

ஜூன் 25, புதன்

இந்தத் தொழிலில் உண்மையான வேலை வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பியதாகவே தெரியும், பாதிப் பேருக்குப் போயிருக்காது. அதனால் முக்கியமானவர்களுக்குத் தனித்தனியாக, பெயர் சொல்லி:

"சார் வணக்கம். நீங்கள் கேட்ட மெல்லிய புஷ்ஷுக்கான ஜாவை நந்தம்பாக்கத்தில் வைக்கிறோம். வெள்ளி 11 மணியா, சனி 3 மணியா, எது வசதி?"

இரண்டு நேரம் கொடுத்தால் பதில் வருகிறது. "எப்போது வருவீர்கள்" என்றால் "பார்க்கலாம்" என்றுதான் வரும். பாகத்தின் மாதிரி ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல்வதும் அவசியம்.

விலைக்கு வாங்கிய எண்களுக்கு அனுப்பவே கூடாது. பெறுபவர்கள் புகார் செய்தால் வாட்ஸ்அப் எண்ணையே முடக்கிவிடும். மொத்த எஸ்எம்எஸ் என்றால் அதற்கான பதிவுத் தளமான டிஎல்டியில் அனுப்புநர் பெயரும் வாசகமும் பதிவாகியிருக்க வேண்டும்.

ஜூலை 2, புதன்

க்யூஆர். படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அகலம்: ஒன்றரை மீட்டருக்கு 15 சென்டிமீட்டர். சுற்றிலும் வெள்ளை ஓரம் விட வேண்டும். டிசைனர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். பளபளக்கும் பிளெக்ஸில் ஸ்பாட் விளக்கு பட்டால் ஸ்கேன் ஆகாது, மேட் வினைல் கேளுங்கள். மேசை மறைக்காத நெஞ்சுயரத்தில் ஒட்டலாம். ரீல், லிங்க்ட்இன், ஸ்டால் மூன்றுக்கும் தனித்தனி லிங்க். யார் எங்கிருந்து வந்தார் என்பது அப்போதுதான் தெரியும். ஸ்டால் எண்ணைப் படத்தில் பொறிக்காமல் லிங்க் போகும் பக்கத்தில் எழுதினால், அமைப்பாளர் லேஅவுட்டை மாற்றினாலும் திருத்தலாம்.

ஜூலை 7, திங்கள்

விளம்பரம் இன்றே சமர்ப்பிக்கிறோம்; ஒப்புதலுக்கு ஒரு நாள் வரை ஆகலாம். பட்ஜெட்டில் 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். டிரேட் சென்டரைச் சுற்றி வட்டம் போட்டு விளம்பரம் செய்வதில் நமக்கு நம்பிக்கை இல்லை. மணப்பாக்கம், ராமாபுரம் ஐடி ஊழியர்களும் கிண்டியைக் கடப்பவர்களும் அந்த வட்டத்துக்குள் விழுகிறார்கள். கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று முன்கூட்டியே செலவிடுவது மேல். கூடவே வழிப் பதிவு ஒன்று: மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் மெட்ரோ வேலை நடக்கிறது, ஆலந்தூர் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம்.

ஜூலை 10, வியாழன்

கூட்டம் சேர்ந்தால் ஹாலுக்குள் நெட் திணறும். 4கே வேண்டாம், வெளியே வந்து ஏற்றுங்கள். வயர்லெஸ் மைக் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுவதால் வைஃபை நெரிசலில் அறுந்து அறுந்து வரும். வயர் உள்ள காலர் மைக்கே நம்பகம். வந்தவர் முகத்தைப் போடுமுன் அவர் சம்மதம் கேளுங்கள். அவர் வந்தது போட்டிக் கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கலாம்.

ஜூலை 14, திங்கள்

வாட்ஸ்அப் பிசினஸில் லேபிள்: மாதிரி, விலை, பிறகு. மாதிரி கேட்டவர்களுக்கு இன்றைக்கே செய்தி. சக்கின் மாடலைக் கேட்பதோடு பேஸ் ஜாவின் (சக்கிலேயே இருக்கும் அடி ஜா, நம் ஜா அதன் மேல் உட்காரும்) பற்களை ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பல்லின் இடைவெளியும் கோணமும் 1.5 மில்லிமீட்டர் 60 டிகிரியா, 1/16 அங்குலம் 90 டிகிரியா என்று தெரியாமல் ஜா அனுப்பினால் அது உட்காரவே உட்காராது.