ஊமை போடுடா!

பள்ளி மலருக்குக் கட்டுரை கேட்டு வாட்ஸப்பில் மூன்று முறை நினைவூட்டிவிட்டார்கள். தலைமையாசிரியரையும் வேப்பமரத்தையும் மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில், நான் பேண்டு அறையை எடுத்துக்கொள்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓட்டுக் கூரையும் வௌவால் வாடையுமாக இருந்ததே, அந்த அறை. அங்கே ட்ரம்பெட் மூன்று. அதில் ஒன்றின் நடு வால்வு எண்ணெய் விட்டாலும் பாதியில் நின்றுவிடும். அதுதான் என் தலையில் விழுந்தது.

ஒலியை மாற்ற ட்ரம்பெட்டின் அகன்ற வாயில் செருகும் அடைப்பானுக்கு ம்யூட் என்று பெயர். எங்கள் பேண்டு மாஸ்டர் அதற்கு வைத்த பெயர் ஊமை. “ஊமை போடு”, “ஊமை எடு”, அவ்வளவுதான் கட்டளை. ட்ரம்பெட் வாய் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்குமா, ஊமத்தைக்கு ஊமை பொருத்தம்தான் என்று நாங்கள் சிரிப்போம். கடையில் விற்கிற ம்யூட்டை எங்களில் ஒருவனும் கண்ணால் பார்த்ததில்லை. மாஸ்டர் மட்டும் இளவயதில் மதராஸில் ஊதியபோது பார்த்திருந்தார். அதன் உருவத்தைக் காற்றில் கையால் வரைந்து காட்டுவார்.

1981. ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து வேலூர்க் கோட்டைக் கோயிலுக்குள் திரும்பி வந்த வருஷம். ஊரெல்லாம் அதே பேச்சு. எங்களுக்கோ ஆண்டு விழாவுக்கு நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டு. குழந்தை தூங்கணும், அதனால் சத்தத்தைக் குறைக்கத்தான் ஊமை என்று நான் சொல்லிவைத்தேன்.

“மெதுவா ஊதறதுக்கு ஒதடு போதும்டா,” என்றார் மாஸ்டர். “சித்ரா பௌர்ணமி ராத்திரி புஷ்பப் பல்லக்கு லாங் பஜாருல வருது. நீ வூட்டுத் திண்ணையில படுத்துக்கினு கீற. அங்கேர்ந்து ட்ரம்பெட்டு எப்பிடி வரும்? இழையாட்டம் வரும் இல்ல? அந்தத் தூரம் வேணும். அதுக்குத்தான் ஊமை.”

சரி, ஊமைக்கு எங்கே போவது? வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனல் ஒன்றைக் கிளப்பிக்கொண்டு வந்தேன். தகர வேலைக்காரர் அதன் மூக்கைக் கத்தரித்து, அகன்ற பக்கத்தை வட்டத் தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்துக் கொடுத்தார். குறுகிய பக்கம் உள்ளே போகும், மூடிய பக்கம் வெளியே நிற்கும். ஆனால் அப்படியே செருகினால் காற்று வர வழியில்லை. சுற்றிலும் மூன்று கார்க் துண்டு ஒட்டி, இடையில் சந்து விடவேண்டும். அந்தக் காலத்தில் கம்பவுண்டர் தரும் மிக்ஸ்சர் பாட்டிலுக்குக் கார்க்தான் மூடி. வீட்டில் இருமியவர்கள் புண்ணியத்தில் நாலைந்து சேர்த்து, சவரப் பிளேடால் நெடுக்காக வகுந்தோம். கோந்து தகரத்தில் நிற்கவில்லை. ஆம்பூரிலிருந்து ரயிலில் வரும் நண்பன், அவன் அப்பா வேலை பார்த்த செருப்புத் தொழிற்சாலையிலிருந்து சொல்யூஷன் கொண்டுவந்தான். அது ஒட்டியது ஒட்டியதுதான்; என் விரலில் ஒட்டியது வாரக்கணக்கில் போகவில்லை.

இந்த வகை ஊமை ட்ரம்பெட்டின் அடி நாதத்தை அமுக்கிவிட்டு, மேல் நாதங்களை வெளியே விடும். சளிப் பிடித்தவன் பாடுவதுபோல மூக்கால் வரும் அந்தச் சத்தம் அதனால்தான். சுருதியும் கொஞ்சம் ஏறிவிடும். மாஸ்டர் சுருதிக் குழாயை இழுத்துச் சரிசெய்யச் சொல்வார். இழுத்தால் ஊமை எடுக்கும்போது மறுபடி உள்ளே தள்ள மறந்துபோகும், அதற்கும் திட்டு.

இரண்டாவது ஊமை கொட்டாங்குச்சி. மூன்று கண் உள்ள பாதி. மெல்லிய கண்ணைக் குத்தி ஓட்டை போட்டு, விளிம்பில் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டினால் ட்ரம்பெட் வாயில் லொட்டென்று இடிக்காது. இடது கையால் மூடித் திறந்தால் ‘வாவ் வாவ்’ என்று பேசும். தாலாட்டில் குழந்தை அழுகிற இடத்துக்கு அது.

விழா மேடையில், மெட்டு ஓய்ந்து ஒரு மூச்சு இடைவெளி விடும் இடம். அரங்கமே அமைதி. என் புனல் கழன்று ‘டணங்’ என்று விழுந்து, மூன்று படியும் உருண்டு, முன் வரிசைச் சிறப்பு விருந்தினர் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தப் புனல் யாருது?” என்று கேட்டார். ஒலிபெருக்கி அதையும் ஊருக்குச் சொன்னது.

தப்பு என்னுடையது. ஊமை போடுமுன் கொட்டாவி விடுகிற மாதிரி ட்ரம்பெட் வாய்க்குள் ‘ஹா’ என்று ஊத வேண்டும். அந்த ஈரத்தில்தான் கார்க் பிடிக்கும். பிறகு செருகி லேசாகத் திருக வேண்டும். “ஹா, சொருகு, திருகு” என்று நூறு முறை சொல்லியிருந்தார். பதற்றத்தில் ‘ஹா’ விட்டுப்போனது.

மெல்போர்னுக்கு வந்து, ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் மறுபடி ட்ரம்பெட்டைத் தொட்டேன். எங்கள் பக்கத்து அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ராவில் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபூஸியின் ‘ஃபேத்’ (திருவிழாக்கள்) வாசித்தோம். 1900 டிசம்பரில் பாரிஸில் முதலில் ஒலித்தது. நடுவில் ஓர் ஊர்வலம் வருகிறது. மூன்று ட்ரம்பெட்டும் ஊமை போட்டு, மிக மெல்ல, எங்கோ தெருக்கோடியிலிருந்து தொடங்கிக் கிட்டே வரவேண்டும். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் பிரெஞ்சு ஊர்த் திருவிழா பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு லாங் பஜாரும் மல்லிகை வாசனையும். முதல் ஒத்திகையிலேயே, “தூரம் சரியாக இருக்கிறது” என்றார்.

சுருதி ஏறும் கதையும் பழசு என்று அங்கேதான் தெரிந்தது. 1607-இல் அரங்கேறிய மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ என்ற இசை நாடகத்தில், ட்ரம்பெட்டுக்கு ஊமை போட்டால் ஒரு முழு சுரம் ஏறும், அதற்குத் தக்கபடி வாசியுங்கள் என்று முகப்பு இசையிலேயே குறிப்பு உண்டு. வீட்டுச் சாமானும் எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஜாஸ் உலகில் கிங் ஆலிவர் பாட்டில், கோப்பை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்து ஊதியவர். இன்றும் கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தை, கட்டையைக் கழற்றிவிட்டு, கோட்டு சூட்டு போட்ட ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களும் பிடிக்கிறார்கள். இசைத்தாளில் மூடுவதற்குக் கூட்டல் குறி, திறப்பதற்குச் சின்ன வட்டம். நம் கொட்டாங்குச்சி எவ்வளவோ கௌரவம்.

அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் 1925 பியானோ கான்செர்ட்டோவில் மெதுவான பகுதிக்கு ட்ரம்பெட் தனி. ஃபெல்ட் தொப்பியின் தலைப்பாகத்தை ட்ரம்பெட் வாயில் மாட்டி ஊதச் சொல்கிறது இசைத்தாள். தொப்பிக்கு நான் எங்கே போக? குளிருக்கு என்று அம்மா வேலூரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாயை மாட்டினேன். கரகரப்பு போய்ச் சத்தம் பஞ்சாக வந்தது. முகம் தெரியும் ஓட்டையை ஊசிபோட்டுத் தைத்தது என் மனைவி. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

போன வருஷம் ஊருக்குப் போனபோது பரணில் அந்தக் கொட்டாங்குச்சி கிடைத்தது. ட்யூப் ரப்பர் இறுகிப்போயிருந்தாலும் ஓட்டில் கீறல் இல்லை. ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் மரம், விதை எதுவானாலும் காட்டித்தான் ஆகவேண்டும், காட்டினேன். அதிகாரி முகர்ந்து பார்த்தார், கண் ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார், இதை வைத்து என்ன செய்வீர்கள் என்றார். ட்ரம்பெட் கையில் இல்லை. அதை வாங்கி வாயருகே வைத்து, மூடித் திறந்து, ‘வாவ் வாவ்’ என்று காட்டினேன். பின்னால் வரிசையில் ஒரு குழந்தை, “இன்னொரு தரம்!” என்றது, தமிழில்.