72.5 கிலோவுக்குள் அடங்கிய கதை

என் உயரம் 178 சென்டிமீட்டர். தேசிய சேவை (கட்டாய ராணுவச் சேவை) முடித்து வந்தபோது எடை 78 கிலோ. வேறு விளையாட்டுக்குப் போயிருந்தால் நல்ல உடம்பு என்றிருப்பார்கள். நான் ஓட்டும் துடுப்புப் படகுப் பந்தயத்தில் இது இரண்டுங்கெட்டான். பக்கத்துப் படகில் உட்கார்ந்திருப்பவர் 190 சென்டிமீட்டர், 90 கிலோவுக்கு மேல். அவர் காலை நீட்டி ஒருமுறை இழுத்தால் அவர் படகு போகிற தூரத்துக்கு நான் ஒன்றேகால் முறை இழுக்க வேண்டும். உடம்பு பெருத்தால் படகு கொஞ்சம் அமிழும், தண்ணீரின் தடையும் கூடும், உண்மைதான். ஆனால் இழுக்கும் பலம் அதைவிட வேகமாகக் கூடிவிடுகிறது. அதனால்தான் 2,000 மீட்டர் பந்தயத்தில் பெரிய உடம்புக்காரர்களை அசைக்க முடிவதில்லை.

சிங்கப்பூரில் நாங்கள் பயிற்சி செய்யும் பாண்டான் நீர்த்தேக்கத்தில் ஒருநாள் காலை படகைத் தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தபோது கோச் சொன்னார்: “தம்பி, நீ பேசாம லைட்வெயிட்டுக்கு இறங்கிடு. அஞ்சரை கிலோதானே.” எங்கள் கோச் ஈப்போக்காரர், நல்ல மனிதர். ஆனால் அந்தத் ‘தானே’வுக்காக ரொம்ப நாள் அவரை நான் மன்னிக்கவில்லை.

லைட்வெயிட் என்பது எடை குறைந்தவர்களுக்கான தனிப் பிரிவு. அதன் விதி சுருக்கமானது. ஆண்களில் யாரும் 72.5 கிலோவைத் தாண்டக் கூடாது. இருவர் படகென்றால் சராசரி 70. பெண்களுக்கு உச்சம் 59, சராசரி 57. போட்டி உடையோடு தராசில் ஏற வேண்டும். பந்தயம் பத்து மணிக்கென்றால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில் எடை பார்த்து முடித்துவிட வேண்டும். மூன்று நாள் ஓட்டினால் மூன்று நாளும் ஏற வேண்டும். நூறு கிராம் கூடினாலும் படகில் ஏற முடியாது.

விஷயமே அந்த ஒரு மணி நேரத்தில்தான் இருக்கிறது. முந்தின நாளே எடை பார்க்கும் விளையாட்டுகளில் உடம்பை வற்றவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக நிரப்பிக்கொள்கிறார்கள். இங்கே அதற்கு நேரம் கிடையாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் செய்தேன்.

2022-இல் முதல் முயற்சி. மூன்று வாரம் இருந்தது. சோற்றை நிறுத்தினேன். எடை மளமளவென்று இறங்கியது. சதையில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோறு போனதும் முதலில் போவது அந்தத் தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? தராசில் எண் குறைகிறது, அது போதும். கோப்பிக் கடையில் நண்பர்கள் ரோட்டி பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்க, நான் பாலும் சர்க்கரையும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங்கோடு உட்கார்ந்து எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன்.

கடைசி நாள் 73.6. மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் படிக்கட்டில் பதினான்கு மாடி ஏறி இறங்கினேன். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் வியர்வை காய்வதே இல்லை, தெரியுமல்லவா? உள்ளே வெந்துகொண்டே போனேன். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். அம்மாதான் தாங்காமல் கேட்டார்: “உங்கப்பா காவடி எடுக்க நாப்பத்தெட்டு நாள் விரதம் இருக்காரு. அவரே தண்ணி குடிக்கிறாருடா. நீ எந்தச் சாமிக்கு இருக்க?”

மறுநாள் தராசில் 72.4. கையைத் தூக்கிக் குதித்தேன். அன்று நான் ஜெயித்தது அது ஒன்றைத்தான். முதல் 500 மீட்டர் பறந்தேன். 1,200-ஐத் தாண்டியதும் கால் இருக்கிற இடம் தெரியவில்லை. துடுப்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டு பிடி வயிற்றில் குத்தியது. கடைசியாக வந்தேன். இரண்டு நாள் தலைவலி.

அந்த ஆத்திரத்தில்தான் பால் ஓடோனோவனின் பழைய பந்தயங்களைத் தேடித் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். அயர்லாந்தின் ஸ்கிபரீன் என்ற சின்ன ஊர் மன்றத்துக்காரர். 2016 ரியோவில் அண்ணன் கேரியோடு சேர்ந்து லைட்வெயிட் இருவர் படகில் வெள்ளி. துடுப்புப் படகில் அயர்லாந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அதே வருடமும் அடுத்த வருடமும் ஒற்றையர் லைட்வெயிட்டில் உலகச் சாம்பியன். பிறகு ஃபின்டன் மெக்கார்த்தியோடு சேர்ந்தார். டோக்கியோ அரையிறுதியில் 6 நிமிடம் 5.33 விநாடி, உலகிலேயே சிறந்த நேரம். இறுதியில் தங்கம். இதற்கு நடுவில் மருத்துவமும் படித்தார். பதக்கக் கணக்கு இருக்கட்டும். இத்தனை வருடம் ஒவ்வொரு பந்தய நாளும் தராசில் ஏறி, இறங்கி, கடைசி 500 மீட்டரில் மற்றவர்களைவிட வேகமாக ஓட்ட அந்த உடம்பில் எதை மிச்சம் வைத்திருந்தார் என்பதுதான் என்னைக் குடைந்தது. எனக்குப் பந்தயம் முடிய 800 மீட்டர் இருக்கும்போதே எல்லாம் தீர்ந்துவிட்டதே.

இரண்டாம் முறை ஓர் உணவியலாளரிடம் போனேன். அவர் முதலில் சோற்றைத் திரும்பப் போடச் சொன்னார். வாரத்துக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கக் கூடாது. பயிற்சி கடுமையான நாளில் குறைக்கவே கூடாது. எடை பார்க்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால்தான் ஒரு சின்ன வேலை: கீரை, பருப்பு, பழத்தோல் மாதிரி நார் மிகுந்ததைத் தள்ளிவைத்து வெள்ளைச் சோறு, மீன், முட்டை. உப்பு கொஞ்சம் கம்மி. குடலில் தங்குவது குறைந்தாலே கணிசமாக எடை இறங்கும், பலம் போகாது.

ஐந்து மாதம் ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சலிப்பான ஐந்து மாதம். மாறியவர் அம்மாதான். தேக்கா சந்தையில் ஒரு சின்னச் சமையல் தராசு வாங்கிவந்து, சோற்றை அதில் வைத்து, “நூத்தம்பது, போதுமா? இன்னும் அஞ்சு கிராம் தரட்டா?” என்று நகைக்கடைக்காரர் மாதிரி கேட்பார். மீன் குழம்பில் தேங்காய்ப்பால் நின்றது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்.

போட்டியன்று காலை தராசில் 72.2. குதிக்கவில்லை, இறங்கினேன். பையில் ஃபிளாஸ்க் இருந்தது. உப்புப் போட்ட கஞ்சி, இரண்டு வாழைப்பழம், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஒரு பாட்டில். மெதுவாக, மடக்கு மடக்காக. அன்று பக்கவாட்டில் காற்று அடித்தது, 14 கிலோ ஒற்றைப் படகு தக்கை மாதிரி ஆடியது. முதல் 500-இல் ஐந்தாவதாக இருந்தேன். 1,500-இல் காலில் இன்னும் பலம் இருந்தது! ஒருவரைப் பிடித்தேன். மூன்றாவது ஆளைப் படகின் மூக்களவில் விட்டுவிட்டேன். நான்காவது. கரைக்கு வந்ததும் கோச் நேரத்தைக் காட்டி, “ம்” என்றார். அவர் ‘ம்’ சொல்வது அபூர்வம்.

2024 ஆகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். பாண்டானில் மின்னல் எச்சரிக்கை வந்து எல்லோரும் கொட்டகைக்குள் ஒதுங்கியிருந்தோம். ஒரு கைபேசியைச் சுற்றி ஏழு தலை. பாரிஸ் இறுதிப் பந்தயம். ஓடோனோவனும் மெக்கார்த்தியும் மறுபடி தங்கம். 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்குள் வந்த லைட்வெயிட்டுக்கு அதுதான் கடைசி நாள். 2028 லாஸ் ஏஞ்சலஸில் அந்த இடத்துக்குக் கடற்கரையில் ஓடிப்போய் ஏறும் கடல் படகுப் பந்தயம் வருகிறது. பெரிய உடம்புக்காரர்களோடு மோத முடியாத எங்களைப் போன்ற ஊர்களுக்கு இது நல்லதில்லை என்றுதான் நினைக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து துடுப்புப் படகில் முதன்முதலாக ஒலிம்பிக் போன சைய்யிதா ஆயிஷா, அதற்கு முன் 2013 தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது லைட்வெயிட் ஒற்றையரில்தான்.

“இனி என்ன செய்யப்போற?” என்று கோச் கேட்டார்.

“உள்ளூர்ல இன்னும் இருக்குல்ல” என்றேன்.

இப்போது போட்டி இல்லாத மாதம். எடை 75.8. இடியாப்பத்தில் தேங்காய்ப்பால் மறுபடி வந்துவிட்டது. ஆனால் அம்மா அந்தத் தராசை எடுத்து வைக்கவில்லை. நேற்று அப்பாவின் சோற்றை அதில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.