சைலன்சர் சத்தம் உயிரைக் காக்குமா?

சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டினால் கார்க்காரர்கள் உஷாராகி விடுவார்கள் என்று நம்பிப் பலர் செலவு செய்கிறார்கள். அந்தச் செலவு வீண் என்பதே என் கருத்து. பைக்கோடு மோதும் வண்டி பெரும்பாலும் முன்பக்கமிருந்துதான் வருகிறது: எதிரே வந்து குறுக்கே திரும்பும் கார், கிளைச்சாலையிலிருந்து மூக்கை நீட்டும் வேன். சைலன்சரின் வாயோ பின்னால் பார்த்திருக்கிறது.

ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 முறை வெடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். நம் காதுகளுக்கு இடையே இருப்பது ஒரு சாண். அவ்வளவு நீளமான அலை இரண்டு காதிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி விழுவதால், அந்த உறுமல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று, அதுவும் மூடிய காருக்குள் உட்கார்ந்து, கண்டுபிடிப்பது கடினம். திசையைக் காட்டிக்கொடுக்கும் கூரிய ஒலிகளை ஏற்றிவிட்ட கண்ணாடி தடுத்துவிடும். இந்த விஷயத்தில் ஹாரனே மேல். அது முன்னோக்கி ஒலிக்கிறது.

கண்ணில் படுவது வேறு கதை. ஆக்லாந்தில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் உடையோ ரிஃப்ளெக்டர் உடையோ அணிந்தவர்களுக்கு விபத்துக் காய ஆபத்து 37 சதவீதம் குறைவு. பகலிலும் ஹெட்லைட் போட்டவர்களுக்கு 27 சதவீதமும், கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட்டுக்கு 24 சதவீதமும் குறைவு.

ஃப்ளோரசன்ட் பகலுக்கு மட்டுமே. இருட்டில் ரிஃப்ளெக்டர் பட்டைதான் வேலை செய்யும். முதுகுப்பை மாட்டினால் ஜாக்கெட்டின் பட்டை மறைந்துபோகும், அதனால் பையின் மீதும் ஒன்று ஒட்டுங்கள்.

ஆனாலும் நிறம் மட்டும் போதாது. நேராக வரும் பைக், எதிரே காத்திருப்பவரின் பார்வையில் பக்கவாட்டில் நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி நொடியில் திடீரென்று பெரிதாகும். உருவம் சிறியது என்பதால், இன்னும் தூரத்தில் இருப்பதாகவும் அவருக்குத் தோன்றும். சந்திப்பு நெருங்கும்போது ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, உங்கள் லேனுக்குள்ளேயே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நிதானமாக நகருங்கள். அந்த அசைவுதான் அவர் கண்ணை இழுக்கும்.

ஹெட்லைட்டை லோ பீமில் வைத்துச் சரிபாருங்கள். டயரில் சரியான காற்றோடு, நீங்கள் ஏறி உட்கார்ந்த நிலையில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தினால், ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே போய்விடும். ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்இடி பல்பை மாட்டினால் ஒளி சிதறி எதிரே வருபவரின் கண் கூசும், பக்கத்திலுள்ள இண்டிகேட்டரும் அதில் மூழ்கிவிடும்.

பின்பக்கத்தில் அடிக்கடி கெடுவது பிரேக் லைட் சுவிட்ச். மிதியைத் தொட்டதும், பிரேக் பிடிப்பதற்கு முன்பே, விளக்கு எரிய வேண்டும். தாமதமானால் சுவிட்ச் உடலைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருப்புங்கள். உடலும் சேர்ந்து சுற்றினால் ஒயர் முறுகி அறுந்துவிடும். முன் லீவர் சுவிட்ச் தனி, அதையும் தனியாக அழுத்திப் பாருங்கள். கியரைக் குறைத்து வேகம் தணிக்கும்போது இந்த விளக்கு எரியவே எரியாது. பின்னால் வண்டி வந்தால் பிரேக்கை லேசாக இரண்டு முறை தொடுங்கள்.