கட்டைவிரலில் நான்கு தையல்

"கோரமண்டல்ல ஏறிட்டேன் அண்ணா, நாளைக்கு சாயங்காலம் வந்துருவேன்." 2023 ஜூன் 2, மதியம் மூன்றரைக்கு வந்த போன். மேற்கு வங்கத்து முர்ஷிதாபாத் பையன், சென்னை அம்பத்தூரில் என் லேத் பட்டறையில் மூன்று வருஷமாக வேலை.

அன்று இரவு ஏழு மணிவாக்கில் ஒடிசாவில் பாலசோர் பக்கம் பாஹாநாகா பஜார் ஸ்டேஷனில், மெயின் லைனில் போக வேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பக்கத்து லூப் லைனில் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகள், எதிரே கடந்துகொண்டிருந்த ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளில் இடித்தன.

ஹெல்ப்லைனில் பி.என்.ஆர். கேட்டார்கள். அவன் போனது முன்பதிவில்லாப் பெட்டியில், எஞ்சினுக்கு அடுத்தாற்போல. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் கிடையாது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடிவிட்டு, அவன் அண்ணனும் நானும் புவனேஸ்வர் எய்ம்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே உடல்களுக்கு நம்பர்தான். போட்டோக்களைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். முகத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஒரு படத்தில் இடது கை தெரிந்தது. கட்டைவிரல் நகத்துக்குக் கீழே குறுக்காக ஒரு தழும்பு. டிரில் பிட் கிழித்த நாளில் நான்கு தையல் போடும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே நம்பரை இன்னொரு குடும்பமும் கேட்டிருந்தது. அவர்களும் பொய் சொல்லவில்லை.

டி.என்.ஏ.தான் வழி என்றார்கள். அண்ணன், தம்பி ரத்தத்தைவிடப் பெற்றவர்கள் ரத்தம் உறுதியாகக் காட்டும். இதைத் தெரிந்துகொண்டு அம்மாவை ஊரிலிருந்து வரவழைக்கவே நாலு நாள் போய்விட்டது. இப்படி ஒரு நிலை யாருக்காவது வந்தால் முதலிலேயே அப்பாவையோ அம்மாவையோ கூட்டிப் போங்கள், ஆதாரோடு. முடிவு டெல்லியிலிருந்து வர ஒரு மாதம் ஆனது. தழும்பு பொய் சொல்லவில்லை.

ரயில்வே அறிவித்த 10 லட்சம் கருணைத்தொகை வேறு, ரயில் விபத்து இழப்பீட்டை விசாரிக்கும் தீர்ப்பாயமான ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் கிடைக்கும் 8 லட்சம் வேறு. இரண்டாவதற்கு ஒரு வருஷத்துக்குள் தனியாக மனுப் போட வேண்டும். வாரிசுகள் குடியிருக்கும் இடத்துக்கான பெஞ்சிலேயே போடலாம். டிக்கெட் தொலைந்துபோனதே என்று அண்ணன் தயங்கினான். டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளக்கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பயண விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும். அந்த மதியம் எனக்கு வந்த போன் அழைப்பின் விவரத்தையும் சேர்த்தோம்.

கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது கொல்கத்தா பெஞ்சில் மனுவைக் கொடுத்தோம்.