ழ-வோட வாலும் ஒரு புள்ளியும்: எட்டு மாச எழுத்துக்கலை கூத்து

போன ஆடி மாசம் ஆரம்பிச்சது இது. அக்கா புது வீடு கட்டிட்டு இருந்தா, வீட்டுக்கு "நிழல்"னு பேரு முடிவாகி, பேர்ப்பலகைக்கு ஃபாண்ட் தேடிட்டு இருந்தாங்க, நான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருக்காம "நானே எழுதித் தரேன்க்கா"ன்னு சொல்லிட்டேன். அப்ப என்கிட்ட இருந்தது மூணு வருஷம் முன்னாடி வாங்கி நாலு தடவை தொட்ட ஒரு பென் டேப்லட், அப்புறம் ஏழாங்கிளாஸ்ல கையெழுத்துப் போட்டியில வாங்கின எவர்சில்வர் டம்ளர் குடுத்த தைரியம், அவ்ளோதான்.

டேப்லட்ல நேரா ஆரம்பிச்சா கை வராதுன்னு தோணுச்சு, அதனால ஒரு பைலட் பேரலல் பேனா வாங்கினேன், பட்டை நிப் வச்ச எழுத்துக்கலைப் பேனா, நிப் அகலம் 6 மி.மீ. வீட்டுல கிடந்த 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற கணக்கு) ஜெராக்ஸ் பேப்பர்ல எழுதினா மை கம்பளிப்பூச்சி மாதிரி ஓரமெல்லாம் முடி விட்டுடுச்சு. 100 ஜிஎஸ்எம் பாண்ட் பேப்பருக்கு மாறினதும் அது பெருசா குறைஞ்சது.

அடுத்தது கோணம். நான் பாத்த வீடியோ எல்லாம் இங்கிலீஷ் எழுத்துக்குத்தான், நிப்போட பட்டை ஓரத்தை எழுதுற வரிக்கு 45 டிகிரி சாய்ச்சுப் பிடின்னு சொல்லிக் குடுத்தாங்க, நானும் அப்படியே பிடிச்சு ஒரு வாரம் ட, ப, ம எழுதினேன். ஏதோ தகர டப்பாவுல வெட்டின எழுத்து மாதிரியே இருந்துச்சு, ஏன்னு புரியல. அப்புறம் ஸ்கேல் வச்சு அளந்து பாத்தப்பதான் பிடிபட்டுச்சு. 45-ல பிடிச்சா நிக்கிற கோடும் படுத்த கோடும் ஒரே தடிமன், ரெண்டுமே சுமார் 4.2 மி.மீ. நம்ம எழுத்துல பாதிக்கு மேல நின்ன கோடும் படுத்த கோடும்தானே, ட-வே அதுதான், அப்புறம் எங்க இருந்து தடிப்பும் மெலிவும் வரும்? 30 டிகிரிக்கு இறக்கினேன், நிக்கிற கோடு 5.2, படுத்த கோடு 3. அதே ட, அதே பேனா, அதே கை, ஆனா எழுத்துக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி ஒரு மணி வரைக்கும் வெறும் ட தான்.

இன்னொன்னு, பள்ளிக்கூடத்துல பழகின, எழுத்துல எந்தக் கோட்டை எப்படி இழுக்கணும்ங்கிற வரிசையை மறக்கணும். ப-வோட வலது கோட்டை நாம கீழ இருந்து மேலதான் இழுப்போம், பட்டை நிப்பை மேல தள்ளினா அது பேப்பரைக் கொத்தி மையைத் தெளிக்கும், என் சட்டையில ரெண்டு இருக்கு சாட்சிக்கு. பேனாவைத் தூக்கி, மேல இருந்து திரும்ப கீழ இழுக்கணும். இதைச் சொல்லிக் குடுத்தது எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற போர்டு எழுதுற அண்ணன். ஃப்ளெக்ஸ் வந்ததுக்கு அப்புறம் அவருக்கு பெரும்பாலும் வண்டி நம்பர் எழுதுற வேலைதான். பட்டை பிரஷ்ஷை எனாமல்ல தொட்டு, கையைத் தாங்க ஒரு குச்சியை சுவத்துல ஊனி, "இழு தம்பி, தள்ளாத. எந்த எழுத்தா இருந்தாலும் இழு"ன்னார். ஓலைச்சுவடியில எழுத்தாணியால கீறினது எல்லாம் ஒரே தடிமன் கோடுதான், அதனால தமிழ்ல தடிப்பும் மெலிவும் எங்க விழணும்னு தேடினா சுவடியை விட இந்த அண்ணன்மாரு எழுதின பழைய கடை போர்டுதான் எனக்கு உதவுச்சு, இது என் கருத்து, சண்டைக்கு வராதீங்க.

ஒரு மாசம் ழ-வுக்கே போச்சு. மேல் பாதி பிரச்சனை இல்ல. கோட்டுக்குக் கீழ இறங்கி இடது பக்கம் சுருளுற அந்த வாலு இருக்கே, 30 டிகிரியிலயே பிடிச்சுட்டு வந்தா திரும்புற இடத்துல புடைச்சுக்கிட்டு எலியை முழுங்கின பாம்பு மாதிரி ஆகிடும். திரும்புறப்ப விரலுக்கு நடுவுல பேனாவையே மெதுவா உருட்டணும், வளைவு முடியறப்ப நிப்போட ஒரு முனை மட்டும்தான் பேப்பர்ல இருக்கணும், வாலு நூலா முடியும். பத்து எழுதினா ஒண்ணு சரியா வரும். அந்த ஒண்ணுலயும் நி-யோட மேல் வளைவு சொதப்பியிருக்கும்.

நடுவுல ஒரு முட்டாள்தனம். எழுத்துக்குப் பின்னாடி வாட்டர் கலர் வாஷ் (தண்ணியா கலந்த கலர் பூச்சு) அடிச்சா நல்லா இருக்கும்னு எழுதி முடிச்சு மேல நீலம் பூசினேன், பேனா மை கரைஞ்சு கத்தரிப்பூ கலர்ல ஓடிடுச்சு. சரி தண்ணிக்கு கரையாத மை போடுவோம்னு கடையில வாட்டர்ப்ரூஃப் இண்டியன் இங்க் வாங்கி பேனாவுக்குள்ளயே ஊத்திட்டேன். அந்த மாதிரி மையில பெரும்பாலும் அரக்கு இருக்கும், காய்ஞ்சா கல்லு. மூணு நாள் வெந்நியில ஊற வச்சும் பேனா பழைய மாதிரி ஆகல, இப்ப ஒரு ஓரம் மட்டும்தான் எழுதும். அந்த மை தொட்டு எழுதுற நிப்புக்கும் பிரஷ்ஷுக்கும்தான். முதல்ல வாஷ், நல்லா காயட்டும், அப்புறம் எழுத்து, இதுதான் வரிசை.

அந்த முறையில செஞ்ச முதல் பெயிண்டிங் "மாலை", 300 ஜிஎஸ்எம் பேப்பர்ல ஆரஞ்சு வாஷ் மேல. லை-யை பழைய மாதிரி, ல-வுக்கு மேல யானைத் துதிக்கை வச்சு எழுதினேன். அம்மா பாத்ததுமே படிச்சிட்டாங்க, அக்கா பையன் "இது என்ன லெட்டர் மாமா"ன்னு கேக்குறான். 1978-ல எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தப்ப போன உருவம், அவனுக்கு எப்படித் தெரியும். ஆனா படமா பாத்தா அந்தத் துதிக்கைக்கு ஈடு இல்ல.

டேப்லட் கதைக்கு வரேன். கிரிட்டாங்கிற வரையுற சாஃப்ட்வேர்ல பட்டை பிரஷ் எடுத்து கோணத்தை 30-ல நிறுத்தினேன், கோட்டைச் சீராக்குற ஸ்டெபிலைசர் போட்டா கை நடுக்கம் கூட அடங்கிடும், ட ப எல்லாம் அச்சு மாதிரி வருது. ழ வாலு வரல. என் டேப்லட் பேனா அழுத்தத்தைத்தான் பாக்கும், விரல்ல உருட்டினா அதுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வாரம் முட்டிப் பாத்துட்டு பேப்பருக்கே போயிட்டேன். எழுதினதுல நல்லதா ஒண்ணை 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணி இங்க்ஸ்கேப்ங்கிற சாஃப்ட்வேர்ல டிரேஸ் குடுத்தா, அதாவது படத்தை அதுவே கோடா மாத்தச் சொன்னா, ஒரு எழுத்துக்கு நூத்துக்கணக்குல நோடு (கோட்டை வளைக்கிற புள்ளி) விழுது, அதைக் குறைக்க சிம்ப்ளிஃபை அடிச்சா நிப்போட கூர் முனையெல்லாம் மழுங்கி சோப்புக்கட்டி ஆகிடுது. கடைசியில ஸ்கேனை கீழ வச்சு மேல கையாலயே பெசியர் கோடு (நோடு வச்சு வளைக்கிற கோடு) போட்டேன், ழ-வுக்கு 19 நோடு. டிஜிட்டல் வேலைன்னு நான் உருப்படியா செஞ்சது இதுதான்.

லேசர் கட்டிங் கடைக்குப் போனேன், 3 மி.மீ. கருப்பு அக்ரிலிக். மூணு எழுத்தும் ஒட்டி ஒரே துண்டா வரணும்னு வாலை நி-க்கு அடி வரைக்கும் இழுத்து முட்ட வச்சிருந்தேன், ல்-லும் ழ-வோட தோள்ல சாய்ஞ்சிருக்கும். கடைத்தம்பி ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி பாத்துட்டு "அண்ணே வால் நுனி ஒடிஞ்சிடும், தடிப்பு ஏத்துங்க"ன்னான், ஏத்தினேன். அப்புறம் "புள்ளி எதுல நிக்கும்?"னான். யோசிக்கவே இல்ல! ல்-லோட புள்ளி அந்தரத்துல இருக்கு, வெட்டினா கையில விழும். "புள்ளி இல்லாம வெட்டிடவா?"ன்னு ரொம்ப இயல்பா கேக்குறான். ஓலை கிழியும்னு புள்ளி வைக்காம எழுதினாங்கன்னு சொல்லுவாங்க, ஆனா இது அக்கா வீடு, "நிழல"ன்னு மாட்டினா மாமா என்னைச் சேர்த்து மாட்டிடுவார்.

புள்ளியைத் தனியா வெட்டி, பின்னாடி சின்னக் கட்டை வச்சு சுவத்துலயே ஒட்டிட்டோம். மட்டம் பாத்து ஒட்டினது மாமாதான். இருக்க வேண்டிய இடத்தை விட புள்ளி ஒரு 3 மி.மீ. வலது பக்கம் தள்ளி இருக்கு, வேற யாருமே கவனிக்கல, நான் கேட்டைத் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் முதல்ல பாக்குறேன். இப்ப ண ஆரம்பிச்சிருக்கேன், 6 மி.மீ. நிப்புல அந்தச் சுழியெல்லாம் அடைஞ்சு போகுது, 3.8 வாங்கணும்.