பாய்மர யாட்டின் கூடத்துக்கு இருக்கையும் மேசையும் அமைத்த அனுபவம்

நானும் ஒரு நண்பரும் கூட்டாக வைத்திருப்பது 1980களின் பிற்பகுதியில் கட்டப்பட்ட 38 அடிக் கண்ணாடியிழைப் பாய்மர யாட். அதன் நடுக்கூடத்து இருக்கைகளில் பிளைவுட் அடுக்குகள் பிரிந்து, மெத்தைகளில் பூஞ்சை படர்ந்து, மேசையின் கால் ஆட்டம் காணத் தொடங்கியிருந்ததால், மலேசியாவின் லங்காவித் தீவுக்கு மேற்கே உள்ள ரெபாக் தீவின் படகுத்துறையில் படகைத் தரையேற்றி, கூடம் முழுவதையும் புதிதாக அமைப்பது என்று முடிவு செய்தோம். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால், எதை எதற்காகத் தேர்ந்தெடுத்தோம் என்பதை எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நண்பருக்கு ஆயத்த சோபாக்களின் மீது ஆசை இருந்தது. பெரிய மோட்டார் யாட்டுகளில் அகலமான கண்ணாடிக் கதவுகள் வழியே சோபாவை உள்ளே கொண்டுபோய்த் தரையோடு முடுக்கிவிட முடியும். எங்கள் படகில் கூடத்துக்கு இறங்கும் படிவாசலின் அகலம் இரண்டடியைச் சற்றே தாண்டும்; அதற்குள் நுழையாத எந்தப் பொருளும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்களுக்கு உதவாது. அதைவிட முக்கியமானது சாய்வு. துறையில் கட்டியிருக்கும்போது கூடம் வீட்டு வரவேற்பறையைப் போலத்தான் இருக்கும். நல்ல காற்றில் படகு 20 பாகை சாய்ந்து ஓடும்போது, தரையோடு பிணைக்கப்படாத ஒரு முக்காலிகூட ஆளைக் காயப்படுத்தும். ஆகவே ஒவ்வொரு பொருளையும் அந்தச் சாய்வில் அது என்ன செய்யும் என்று கேட்டே தேர்ந்தெடுத்தோம்.

இருக்கைகளை படகின் நீளவாக்கில், இருபுறமும் நேராக அமைத்தோம். நண்பர் விரும்பிய வளைந்த அமைப்பு விருந்தினர்கள் சுற்றி அமர்ந்து பேச ஏற்றது என்பது உண்மைதான். ஆனால் இரவுப் பயணத்தில் ஓய்வெடுக்க வருபவருக்கு நேரான, இரண்டு மீட்டர் நீளமுள்ள இருக்கையே படுக்கையாகும். இதில் ஒரு சிக்கல் உண்டு. உட்கார்வதற்கு 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் முதுகு சாய்மானத்தைத் தொடாது. படுப்பதற்கோ குறைந்தது 60 சென்டிமீட்டர் வேண்டும். சாய்மானத்தை மேற்புறக் கீலில் தொங்கவிட்டு, இரவில் தூக்கி மாட்டிவிடும்படி செய்ததில் இரண்டும் கிடைத்தன. சாய்வில் மேற்புறமாக அமையும் இருக்கையில் படுப்பவர் உருண்டு விழாமல் இருக்க, மெத்தைக்கு அடியில் திருகப்பட்டு, உத்தரத்து வளையங்களில் கயிற்றால் இழுத்துக் கட்டப்படும் தடுப்புத் துணி ஒன்றையும் இருபுறமும் வைத்தோம்.

மேசை நடுக்கோட்டில் நிற்கிறது. இருபுறமும் மடிப்புப் பலகைகள். கடலில் நடப்பவர் தடுமாறினால் முதலில் பிடிப்பது மேசையைத்தான் என்பதால், முழு ஆளின் எடையை அது தாங்க வேண்டும். எனவே அதன் கால்களை மெல்லிய தரைப்பலகையில் திருகுவதோடு நிற்காமல், அடியிலுள்ள குறுக்குச் சட்டங்கள் வரை போல்ட் இறக்கி, கீழே தகடு வைத்து முடுக்கினோம். தட்டும் குவளையும் வழுக்காதிருக்க மேசையைச் சுற்றிலும் தேக்கு விளிம்புக் கட்டை ஓடுகிறது. மூலைகளில் மட்டும் அது விரல் நுழையும் அளவுக்கு விடுபட்டிருக்கும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் சோற்றுப் பருக்கைகளைத் துடைத்து வெளியே தள்ள வழியில்லை.

மரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரத்திலான, படகு வேலைக்குரிய மரைன் பிளைவுட்டில் கொதிநீரையும் தாங்கும் பசை இருக்கும். உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்காது. முத்திரையை மட்டும் நம்பாமல், பலகையின் வெட்டுமுகத்தை விளக்கொளியில் பார்த்தே வாங்கினோம். மலேசியாவில் எளிதில் கிடைக்கும் மெரான்டி பலகை உறுதியானது, ஆனால் கனமானது; ஒகூமே பலகை இலேசானது. சுமை தாங்கும் இடங்களுக்கு முன்னதையும் கதவுகளுக்கும் சாய்மானங்களுக்கும் பின்னதையும் பயன்படுத்தினோம். வெட்டிய விளிம்புகளுக்கும் திருகுத் துளைகளுக்கும் எபாக்சி பூசியே பொருத்தினோம், ஏனெனில் பிளைவுட்டுக்குள் நீர் இறங்குவது அந்த வழியாகத்தான்.

அளவெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர். யாட்டின் உட்புறத்தில் செங்கோணம் என்று ஒன்று கிடையாது; உடற்சுவர் மேலும் கீழும் முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் வளைகிறது. பினாங்கிலிருந்து வந்திருந்த தமிழ்த் தச்சர், நான் எடுத்துப்போன கருவியைப் பார்த்ததும், "தம்பி, அந்த ரசமட்டத்தப் பையில வைங்க. இங்க படகோட நீர்க்கோடுதான் மட்டம்" என்றார். தாங்குகட்டைகளின் மீது நிற்கும் படகு, நீரில் மிதக்கும்போது இருக்கும் அதே மட்டத்தில் அரிதாகவே இருக்கும். அவர் தேவையான இடத்தில் ஓர் அட்டைப் பலகையை அசையாமல் நிறுத்தி, கூர்முனையுள்ள ஒரு குச்சியின் முனையை உடற்சுவரில் தொடவைத்து, குச்சியின் விளிம்பை அட்டையில் பென்சிலால் வரைந்து, குச்சியிலிருந்த வெட்டுக்குறிக்கு நேராக எண் இட்டார். இப்படி வளைவு நெடுகப் பல கோடுகள். பிறகு அதே அட்டையைப் புதிய பிளைவுட்டின் மேல் பரப்பி, குச்சியை ஒவ்வொரு கோட்டிலும் திரும்ப வைத்து முனைகளைப் புள்ளியிட்டு இணைத்தபோது, சுவரின் வளைவு அப்படியே பலகையில் வந்துவிட்டது.

அவ்வளவு துல்லியமாக வெட்டிய பலகையையும் சுவரில் ஒட்டி நிறுத்தக் கூடாது. கடலில் உடற்சுவர் சிறிது நெளியும். பலகையின் முனை நேரடியாக அதில் அழுத்தினால், அந்த ஒரே கோட்டில் விசை குவிந்து நாளடைவில் விரிசல் காணும். ஆகவே ஒரு விரற்கடை இடைவெளி விட்டு, அதில் ஃபோம் பட்டை வைத்து, இருபுறமும் கண்ணாடியிழை நாடாவால் பிணைத்தோம். இருக்கைகளின் மேற்பலகைகள் யாவும் தூக்கக்கூடிய மூடிகள். அடியில் நீர்த்தொட்டியும் கடல்நீர் வால்வுகளும் இருக்கின்றன. தரையில் ஏராவின், அதாவது படகின் அடியில் நீளவாக்கில் உள்ள கனமான பகுதியின், போல்ட்டுகள் இருக்கின்றன. குழாய் பிய்த்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வரும்போது வால்வை மூட இருக்கையை உடைக்க நேரும் அமைப்பு, எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், ஆபத்தானது.

மெத்தைக்குப் பத்து சென்டிமீட்டர் கனத்தில் அடர்த்தியான ஃபோம் எடுத்தோம். மூடிகளில் வரிசையாகத் துளையிட்டுக் காற்று புழங்கவிட்டோம். உடல் வெப்பமும் குளிர்ந்த அடிப்பலகையும் சேர்ந்தால் மெத்தையின் கீழ்முகத்தில் ஈரம் கோக்கும், பழைய மெத்தைகளைக் கெடுத்ததும் அதுதான். உறைக்குத் தோல் போன்ற ரெக்சினைப் பலர் பரிந்துரைத்தனர். மலாக்கா நீரிணையின் புழுக்கத்தில் வெற்று முதுகோடு அதில் சாய்ந்தவர்கள் பரிந்துரைக்க மாட்டார்கள். இழையிலேயே நிறமேற்றிய அக்ரிலிக் துணியையும் பிளாஸ்டிக் ஜிப்பையும் தேர்ந்தெடுத்தோம். திருகுகளும் கீல்களும் 316 தரத் துருவேறா எஃகு. 304 தரம் கடற்காற்றில் விரைவில் பழுப்புக் கறை காட்டும். அலமாரிக் கதவுகளுக்குக் காந்தப் பூட்டு வேண்டாம் என்று ஒதுக்கினோம். சாய்வில் உள்ளிருக்கும் பொருள்களின் எடைக்கு அது திறந்துகொள்ளும் என்பது ஒரு காரணம். தானியங்கிச் சுக்கானின் திசைகாட்டி உணரி எங்கள் படகில் இருக்கைக்கு அடியிலேயே இருப்பது மற்றொரு காரணம். அழுத்தித் திறக்கும் பொத்தான் பூட்டுகள் இரண்டுக்கும் தீர்வாயின.

படகை நீரில் இறக்கிய பின் பினாங்கு வரை ஓட்டிப் பார்த்தோம். மேசையும் பூட்டுகளும் நிலைகுலையவில்லை. காற்று வலுத்தபோது மட்டும் வலப்புற அலமாரிக்குள்ளிருந்து ஒரு கிரீச்சொலி தொடர்ந்து வந்தது. நண்பர் தரையில் படுத்துக் காதை வைத்துத் தேடியதில், தடுப்புச் சுவரும் அலமாரியின் பக்கப்பலகையும் உரசும் இடம் தென்பட்டது. அங்கே கம்பளிப் பட்டை ஒன்றைச் செருகியதும் ஒலி நின்றது. விளிம்புக் கட்டைகளுக்கு இன்னும் ஒரு பூச்சு வார்னிஷ் பாக்கியிருக்கிறது; மழை ஓய்ந்ததும் அதை முடிக்க வேண்டும்.